இரண்டு எண்ணெய் நாடுகளும் எங்கள் மாற்றுச் சம்பந்தமும்

நயினாதீவுக்கும் குறிகட்டுவானுக்கும் இடையில் ஆட்களை ஏற்றி ஓடிய ஒரு மோட்டார்ப் படகில், லோஞ்சில், நான் கயிறு பிடித்துக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் லோஞ்ச்காரருக்கு உலகத்தில் எண்ணெய் எடுக்கும் நாடுகள் இரண்டே இரண்டுதான். ஒன்று "உம்மடை நாடு". மற்றது "என்ரை மோன்ரை நாடு". இரண்டுக்கும் பெயர் உண்டு. அந்தப் பெயர்களை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நானும் இங்கே சொல்லவில்லை.

என்னுடைய நாடு என்று அவர் சொன்னது வளைகுடாவில் உள்ள ஒரு சின்ன நாடு. அங்கே எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலை ஒன்றின் தொழிலாளர் முகாமில் பதினெட்டு மாதம் இருந்தேன். பாத்திரம் கழுவினேன், தண்ணீர் வண்டியில் போனேன், மணலைக் கூட்டி அள்ளினேன். கூட்டி முடிக்க முதல் மறுபடியும் மணல் வந்துவிடும். ஒப்பந்தம் இரண்டு வருடம். மிச்ச ஆறு மாதத்தைப் பொறுக்க முடியாமல் வயிற்றுவலி என்று சொல்லி லீவில் வந்தவன், திரும்பிப் போகவில்லை.

நான் அப்படித்தான். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டேன். கிளிநொச்சியில் வயல் வேலையை அறுவடைக்கு முதலே விட்டேன். எண்பத்துமூன்றில் தெற்கே ஒரு பேக்கரியில் மா குழைத்துக்கொண்டிருந்தேன். அந்த வேலையை மட்டும் நானாக விடவில்லை, கலவரத்தில் பேக்கரியைக் கொளுத்திவிட்டார்கள். கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து காங்கேசன்துறையில் இறக்கினார்கள். உடுத்த சாரமும் ஒரு சோடிச் செருப்பும் மிஞ்சின. செருப்பு என்னுடையதல்ல.

லோஞ்ச்காரரின் மகனுடைய நாடு ஆப்பிரிக்காவின் வடகரையில் இருந்தது. அவர் அங்கே எண்ணெய்க் குழாய் ஒட்டும் வெல்டர். என்னைப் போல அல்ல, தொழில் தெரிந்தவர். நாலு வருடமாக ஊருக்கு வரவில்லை.

அவருடைய வீடும் எங்கள் வீடும் எப்படிச் சம்பந்தமாயின என்பதைச் சொல்லவேண்டும். எங்களுக்குத் தாய் தகப்பன் இல்லை. என்னைவிட ஆறு வயது மூத்த அக்காதான் என்னை வளர்த்தாள். அவள் தீவின் தபால் கந்தோரில் தற்காலிக உதவியாளராக இருந்தாள். கடிதம் பிரிப்பாள், முத்திரை விற்பாள். முப்பத்திரண்டு வயதாகியிருந்தது. இரண்டு சம்பந்தம் வந்து சீதனத்தில் நின்று போனது. எங்களிடம் இருந்தது இரண்டு பரப்புக் காணியும் அதில் உப்புத் தண்ணீர்க் கிணறும். இதற்கெல்லாம் எங்கள் பக்கத்தில் ஒரு வழி உண்டு, மாற்றுச் சம்பந்தம். இந்த வீட்டுப் பெட்டை அந்த வீட்டுக்கு, அந்த வீட்டுப் பெட்டை இந்த வீட்டுக்கு. ஒருவரும் ஒருவருக்கும் சீதனம் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் இரண்டு கலியாணமும் ஒரே நாளில் ஒரே பந்தலில் நடக்கவேண்டும். ஒன்று நின்றால் மற்றதும் நிற்கும்.

லோஞ்ச்காரரிடம் வெல்டர் மகனும், வேலணையில் தையல் படிப்பிக்கும் மகளும் இருந்தார்கள். எங்கள் வீட்டில் அக்காவும் நானும். ஒருநாள் குறிகட்டுவான் துறையில் அரிசிச் சாக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது அவரே கேட்டார்.

"தம்பி, உம்மடை கொக்காவை என்ரை மோனுக்குத் தாறீரே?"

"அக்காவைக் கேக்கவேணும், ஐயா."

"கேளும். என்ரை மோளை நீர் எடும். நீர் உருப்படாத ஆள்தான். ஆனா களவு, குடி இல்லை. மிச்சத்தை அவள் பாத்துக்கொள்ளுவாள்."

மகள் லோஞ்சின் பின்பக்கத்தில், தைக்கிற துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். தினமும் அதே இடம். தகப்பன் சொன்னது காதில் விழுந்திருக்கவேண்டும். என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்துச் சொன்னாள்:

"இவர் ஒரு இடத்தில நிண்டு குடும்பம் நடத்துவாரோ, இல்லாட்டிக் கலியாணத்தண்டே அடுத்த லோஞ்சில ஏறிவிடுவாரோ எண்டு கேளுங்கோ அப்பா."

"அடுத்த லோஞ்சும் என்ரைதான். ஏத்தமாட்டன்" என்றார் அவர்.

அன்றிலிருந்து அவரை மாமா என்று கூப்பிடத் தொடங்கினேன்.

மாமாவின் ரேடியோ சுக்கானுக்குப் பக்கத்தில் ஒரு ஆணியில் தொங்கும். காற்றும் எஞ்சின் சத்தமும் போக மிச்சம் கேட்பதுதான் செய்தி. எங்களுடைய கடலில் அன்று என்ன நடந்தது என்பதைச் சனங்களே வந்து சொல்வார்கள். அதற்கு ரேடியோ தேவையில்லை. மாமா கேட்டது எண்ணெய்ச் செய்தி. அந்த வருடம் உலகத்தில் எண்ணெய் விலை விழுந்துகொண்டே போனது. எங்கள் டீசல் பீப்பாயில் மட்டும் விழவில்லை.

முதலில் அந்த இரண்டு நாடுகளும் கோபம். யார் எவ்வளவு எண்ணெய் எடுப்பது என்ற கூட்டத்தில் ஒருவரை ஒருவர் பேசிவிட்டு எழும்பிப் போனார்கள். மாமா என்னை முறைத்தார்.

"உம்மடை ஆக்களுக்குக் கொழுப்பு."

"நான் அங்கை பாத்திரம் கழுவினனான் மாமா. எண்ணெயை நான் எடுக்கேல்லை."

பிறகு விலை இன்னும் விழ, கோபத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்க இரண்டு பேருக்கும் கட்டுப்படியாகவில்லை. என் நாட்டு மந்திரி மாமாவின் மகனுடைய நாட்டுக்குப் போனார். மாமா துறையில் லோஞ்சைக் கட்ட முதலே எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:

"மருமோனின்ரை ஆக்கள் எங்கடை படலை வாசலுக்கு வந்திட்டினம்!"

அதற்குப் பிறகு லோஞ்சில் வருகிற சனத்துக்கு அது ஒரு பகிடியாகிப் போனது. தூதரகம் திறக்கப்பட்டது என்று செய்தி வந்த அன்று, புங்குடுதீவிலிருந்து மீன் கொண்டுவரும் ஒரு பெண் மாமாவைக் கேட்டாள்: "தூதரகம் எண்டால் என்ன அண்ணை?"

"ஆள் அனுப்பி வீடெடுத்து இருத்திறது."

"அப்ப குறிப்புப் பொருந்தியிட்டுது. சீதனம் எவ்வளவாம்?"

"சீதனமோ? இதுவும் மாத்துச் சம்பந்தம்தான், பிள்ளை. ஒராள் காசு குடுக்கிறார், மற்றாள் வேலை தெரிஞ்ச ஆக்களைக் குடுக்கிறார்."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாமா விளையாட்டுக்குத்தான் சொன்னார். ஆனால் அவர் சொன்னது அப்படியே உண்மை என்பதும், அந்த வேலை தெரிந்த ஆட்களில் ஒருவர் யார் என்பதும் எங்களுக்குத் தெரியாது.

சித்திரையில் மகனிடமிருந்து தந்தி வந்தது. லீவு கிடைத்துவிட்டது, வைகாசி நடுவில் வருகிறேன் என்று. தந்தியை எழுதி எடுத்ததே அக்காதான். தபால் அதிபர் எழுத்தெழுத்தாகச் சொல்ல, அவள் தன்னுடைய மாப்பிள்ளையின் வருகையைத் தானே எழுதி, தானே மடித்து, மாமாவின் பெயரை மேலே எழுதி அனுப்பியிருக்கிறாள். வீட்டுக்கு வந்து எனக்குக்கூடச் சொல்லவில்லை. மாமா ஓடிவந்து சொன்னபோது, "அப்பிடியே?" என்று கேட்டாள். அதற்காக அவளை நான் பலநாள் பகிடி பண்ணினேன்.

வைகாசிக் கடைசியில் ஒரு முகூர்த்தம் இருந்தது. அதை விட்டால் இல்லை. ஆனி பிறந்தால் அம்மன் கோயில் கொடியேறிவிடும். கொடியேறினால் தீவில் ஒரு வீட்டிலும் கலியாணம் கிடையாது. பிறகு ஆடி. ஆவணிக்குள் கடலில் என்ன நடக்கும், யார் இருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஆகவே அந்த நாளையே வைத்தார்கள்.

கலியாணத்துக்கு முதல் மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்குவார்கள். தாலிக்குரிய பவுணை, நிறைகுடத்துக்கு முன்னால், மாப்பிள்ளையை இருத்தி, பொற்கொல்லரான பத்தர் உருக்குவார். பொன் உருகினால் பாதிக் கலியாணம் முடிந்தமாதிரி. அதற்குப் பிறகு பொம்பிளையும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்க்கக்கூடாது. வீட்டை விட்டு அலையக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தாலி ஏறும்வரை கடல் கடக்கக்கூடாது. கடலுக்கு நடுவில் இருக்கும் எங்களுக்கு அது எவ்வளவு பெரிய விலங்கு என்று யோசித்துப் பாருங்கள். சண்டை நடந்த அந்த வருடங்களில் அது வெறும் சம்பிரதாயமாகவும் இல்லை. காலையில் படகில் போனவர்கள் பின்னேரம் வராமல் விட்ட நாட்களை நாங்கள் எல்லோரும் கண்டிருந்தோம்.

பத்தர் வேலணையிலிருந்து வரவேண்டும். அவர் ஒருமுறைதான் கடல் தாண்டுவேன், இரண்டாம் முறை கேட்கவேண்டாம் என்றார். வந்த அன்றைக்கே இரண்டு தாலிக்கும் உருக்குவது என்று மாமா முடிவு செய்தார். கலியாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள். மகன் வந்து சேரவில்லை.

எங்கள் வீட்டில் என்னைப் பலகையில் இருத்தி உருக்கினார்கள். அது ஒழுங்காக நடந்தது. பிறகு நாலு வேலி தள்ளி மாமா வீட்டில். பத்தர் உமியைப் போட்டு ஊதிவிட்டு, "மாப்பிள்ளையைக் கூப்பிடுங்கோ" என்றாராம்.

"வந்துகொண்டிருக்கிறார்."

"எங்கை, கிணத்தடியிலையோ?"

"ஆப்பிரிக்காவில."

பத்தர் குழலைக் கீழே வைத்துவிட்டார். மாப்பிள்ளை இல்லாமல் தான் உருக்கியதில்லை என்றார். அன்று காலைச் செய்தியில்தான் இரண்டு நாடுகளும் பெரிய ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்து வைத்துவிட்டதாகச் சொல்லியிருந்தார்கள். மாமாவுக்கு அது நல்ல சகுனம்.

"நாடு ரெண்டும் கைகுடுத்திட்டுது, நீர் ஏன் காணும் பயப்பிடுறீர்? இனி ஒரு தடையும் இல்லை. ஊதும்!"

மகன் விட்டுப்போன பட்டுச் சால்வையை எடுத்து, மடித்து, பலகையில் வைத்தார். சால்வைக்கு முன்னால் பொன் உருகியது. இந்தப் பிழையை எங்கள் தீவில்தான் செய்வார்கள். வேறெங்கும் இவ்வளவு நம்பிக்கையும் இவ்வளவு அவசரமும் ஒரே வீட்டில் இருக்காது.

அதற்கு மூன்றாம் நாள் தபாற்காரர் எங்கள் படலையில் சைக்கிளை நிறுத்தினார். அக்கா கலியாணப் பொம்பிளை என்பதால் கந்தோருக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள்.

"பிள்ளை, சம்பந்தி வீட்டுக்கு ஒரு கடிதம். எழுத்து மாப்பிள்ளையின்ரை எழுத்து. ஆனா முத்திரை பிழைச்சுப்போய்க் கிடக்கு. நீ ஒருக்காப் பார்."

அக்கா வாங்கிப் பார்த்தாள். நான் குசினி வாசலில் நின்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக் கடிதத்தை நீட்டினாள்.

"இது உன்ரை நாட்டு முத்திரையெல்லே?"

ஓம். பதினெட்டு மாதம் நான் அவளுக்கு ஒட்டி அனுப்பிய அதே முத்திரை. நீல நிறம், மூலையில் ஒரு எண்ணெய்க் கோபுரம். கையெழுத்து மட்டும் வெல்டருடையது. அவர் என்னுடைய நாட்டில் என்ன செய்கிறார்?

கடிதம் மாமாவின் பெயருக்கு வந்தது. அக்கா அதைத் திறக்கவில்லை. எத்தனையோ பேரின் கடிதங்கள் அவளுடைய கையால் போயிருக்கின்றன, ஒன்றையும் அவள் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்ததில்லை. அன்றும் பார்க்கவில்லை. தபாற்காரரிடமே கொடுத்து, "மாமாவைக் கையோடை கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றாள். குரலில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அடுப்பில் இருந்த பால் பொங்கி வழிந்ததை அவள் கவனிக்கவில்லை.

மாமா வந்து எங்கள் முற்றத்தில் நின்று கடிதத்தை வாசித்தார். ஒப்பந்தம் கையெழுத்தாக இரண்டு கிழமை முதலே, பேச்சு முடிந்த கையோடு, அவர்களுடைய கம்பனி நாற்பது வெல்டர்களைச் சிநேகித நாட்டுக்குக் கொடுத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை சொன்னார்கள், பின்னேரம் விமானத்தில் ஏற்றினார்கள். லீவு ரத்து. பாஸ்போட் முகாம் கந்தோரில். எத்தனை மாதம் என்று யாருக்கும் தெரியாது. கடைசியில் தகப்பனுக்குச் சிரிப்பு வரட்டும் என்று எழுதியிருந்தார்: இங்கே சமையல்காரன் பருப்புக் கறிக்குச் சீனி போடுகிறான், சோற்றோடு சேர்த்துத் தின்ன ஏலாமல் இருக்கிறது.

மாமா முற்றத்து மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான்தான் அவசரப்பட்டிட்டன்" என்றார். "சால்வைக்கு முன்னால உருக்கிப்போட்டன்."

"மாமா," என்றேன், "பருப்புக்குச் சீனி போடுறவனை எனக்குத் தெரியும்."

அவர் நிமிர்ந்தார்.

"அது என்ரை முகாம். அந்தச் சட்டியைத்தான் நான் பதினெட்டு மாதம் கழுவினனான். கந்தோர் ரெலிபோன் நம்பரும் தெரியும். நான் போன தண்ணி வண்டியின்ரை வயித்தில பெரிசாய் எழுதியிருக்கும். அங்கை மேற்பார்வையாளர் ஒரு மலையாளி. அவரோடை கதைச்சால் ஏதும் செய்யலாம்."

"நம்பரைத் தாரும். நான் யாழ்ப்பாணம் போய்க் கதைக்கிறன்."

"உங்களை அவருக்குத் தெரியாது. நான்தான் போகவேணும்."

மாமாவின் முகம் இறுகியது. தினமும் நாலு தரம் அந்தக் கடலைக் கடக்கிற மனிசன் சொன்னார்: "ஏலாது. பொன்னுருக்கின மாப்பிள்ளையை என்ரை லோஞ்சில ஏத்தமாட்டன். நீர் வராமல் விட்டால் என்ரை மோளின்ரை கதி என்ன? மோனுக்காக மோளைக் குடுக்க ஏலுமே?"

அவர் சொன்னதில் பிழை இல்லை. தனக்காகப் போ என்று அக்கா ஒரு சொல் சொல்லமாட்டாள், போகாதே என்று சொல்லவும் அவளால் முடியவில்லை. சீலைத் தலைப்பு நூலை இழுத்துக்கொண்டே இருந்தாள்.

அப்போது கிடுகு வேலிக்கு வெளியே இருந்து ஒரு குரல் வந்தது.

"அப்பா, கொண்டுபோய் விடுங்கோ."

மாமா திடுக்கிட்டார். "நீ ஏன் இஞ்சை வந்தனீ? ஆளை ஆள் பாக்கக்கூடாது!"

"பாக்கக்கூடாது எண்டுதான் சொல்லியிருக்கு. கதைக்கக்கூடாது எண்டு ஆரும் சொல்லேல்லை. நான் வேலியைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறன். அண்ணா வராட்டில் அக்காவுக்குக் கலியாணம் இல்லை. அக்காவுக்கு இல்லாட்டில் எனக்கும் இல்லைத்தானே. பிறகு நீங்கள் இவரைப் பொத்திப் பொத்தி வைச்சிருந்து என்ன செய்யிறது? ஊறுகாயே போடுறது?"

தபாற்காரர் சிரித்துவிட்டார். அவர் இன்னும் போகாமல் படலையில் நின்றார்.

"அதோடை," என்றாள் அவள், "போன மாப்பிள்ளை அண்டைக்கே திரும்பி வந்தால், கடக்காத மாதிரித்தான். அங்கை நிண்டால்தான் கடந்தது."

இப்படி ஒரு சட்டம் எங்கேயும் இல்லை. ஆனால் மாமாவுக்கு அது போதுமானதாக இருந்தது. யோசித்துப் பார்த்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்றார்.

அடுத்த நாள் காலை முதல் லோஞ்சில் போனேன். நான் கயிறு தொடக்கூடாது என்று மாமா என்னை நடுவில், நிறைய சனத்துக்கு உள்ளே இருத்தினார். குறிகட்டுவானில் பஸ் ஏறினேன். வேலணையில் ஆமி ஹெலிகொப்டர் சுற்றியதால் பஸ்ஸைப் பனை வடலிக்குள் விட்டுவிட்டு இரண்டு மணித்தியாலம் எல்லோரும் நிலத்தில் கிடந்தோம். எனக்குப் பக்கத்தில் கிடந்த ஒரு கிழவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு இருக்கா என்று கேட்டார். இல்லை என்றேன். ஹெலிகொப்டர் போனபிறகு பஸ்ஸும் போனது.

யாழ்ப்பாணம் ரவுணில் வெளிநாட்டுக்கு ரெலிபோன் எடுத்துத் தருகிற கடை ஒன்று இருந்தது. காத்திருக்கிற வாங்கில் இருபது பேர். என் முறை வரப் பகல் ஒரு மணி. மூன்று தரம் அறுந்து நாலாம் தரம் பிடித்தது.

"யாரு?"

பெயரைச் சொன்னேன். ஞாபகம் வரவில்லை. சிலோன்காரன், தண்ணீர் வண்டி என்றேன்.

"ஓ, வயிற்றுவலி!" என்றார் மேற்பார்வையாளர். "இன்னும் சுகமாகல்லையோ?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் உடனே மறுத்தார். அந்த நாற்பது பேரும் தன்னுடைய ஆட்கள் இல்லை, அடுத்த நாட்டின் ஆட்கள். இரண்டு நாடும் இப்போதுதான் சிநேகமாகி இருக்கின்றன. அவர்களைப் பத்திரமாகப் பார்க்கும்படி மேலிடத்து உத்தரவு. தனிமனிதருக்கு லீவு கொடுக்கத் தனக்கு அதிகாரம் இல்லை.

எனக்குப் படிப்பு இல்லை. ஆனால் கண்ட கண்ட இடத்தில் சீவித்தவனுக்கு ஒன்று தெரியும்: எந்த ஊரிலும் விருந்தாளி என்ற சொல்லுக்கு ஒரு பாரம் உண்டு. அந்த முகாமின் முதலாளி கோபக்காரர், சம்பளம் பிந்தித்தான் தருவார். ஆனால் வெளியாள் ஒருவர் வாசலுக்கு வந்தால் கோப்பி கொடுக்காமல் விடமாட்டார்.

"சேட்டா," என்றேன், "அவர் உங்கடை முதலாளியின்ரை நாட்டுக்கு விருந்தாளியாய் வந்த ஆள். விருந்துக்கு வந்த இடத்தில அவற்றை கலியாணம் நிண்டு போச்சுது எண்டால் பழி ஆருக்கு? நாப்பது பேரும் திரும்பிப்போய் அதைத்தானே சொல்லுவினம். முதலாளியிட்டை இதை மட்டும் சொல்லுங்கோ. தாலிக்குப் பொன் உருக்கியாச்சு எண்டு சொல்லுங்கோ."

அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது.

"நீ பாத்திரம் கழுவியதுக்குப் பதில் மந்திரிகூடப் போயிருக்கணும்" என்றார். "சரி, சொல்லாம். ஆனால் ஒண்ணு. எனக்கு அடுக்களையில் ஆள் குறைவு. உன் ஆறு மாசம் இன்னும் அங்ஙனே கிடக்கு. கல்யாணம் கழிஞ்சு வந்து முடிப்பியா?"

"வாறன்" என்றேன். யோசிக்க நேரமில்லை, லைன் இரைந்துகொண்டிருந்தது. யோசித்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

பின்னேர லோஞ்சுக்குத் திரும்பி வந்தேன். மாமா துறையில் என்னைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் தோளைப் பிடித்து ஏற்றினார். ஆறு மாதத்தைப் பற்றி நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

பிறகு ஆறு நாள் ஒரு தகவலும் இல்லை. தந்தி இல்லை, கடிதம் இல்லை. பந்தல் போட்டார்கள். வாழை கட்டினார்கள். பலகாரத்துக்கு மா இடித்தார்கள். எல்லோரும் வேலை செய்தார்கள், ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அக்கா மட்டும் ஒருதரம் கேட்டாள்: "அங்கை அவருக்குத் தண்ணி நல்லதோ?" நல்ல தண்ணீர் என்று பொய் சொன்னேன்.

கலியாணத்துக்கு முதல்நாள் பின்னேரம், வழக்கமாகக் கடைசி லோஞ்ச் வருகிற நேரம் கடந்துபோனது. மாமா குறிகட்டுவானில் லோஞ்சை எடுக்காமல் நின்றார் என்றும், சனம் ஏசியது என்றும், "இன்னொரு பஸ் வரட்டும், இன்னொரு பஸ் வரட்டும்" என்றே நின்றார் என்றும் பிறகுதான் அறிந்தேன். வீட்டில் எங்களுக்குக் கடல்தான் கேட்டது. அக்கா குசினியில் திருவலையில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். ஏழோ எட்டோ பாதி முடிந்திருந்தது.

எஞ்சின் சத்தம் வந்தது. தூரத்தில், மெதுவாக. அவர் வந்தாரா, வெறும் லோஞ்சா என்று தெரியாது. அக்காவின் கை நின்றது. பிறகு ஹோர்ன் கேட்டது. மாமா டீசலைப் போலவே ஹோர்னையும் மிச்சம் பிடிக்கிறவர். துறைக்கு வரும்போது ஒருதரம் மட்டும் அடிப்பார். அன்று நடுக்கடலிலிருந்தே விடாமல் அடித்துக்கொண்டு வந்தார். நாகவிகாரையின் பிக்கு ஒருவர்கூடக் கரைக்கு வந்து என்ன நடந்தது என்று பார்த்தாராம்.

அக்கா பாதித் தேங்காயைக் கீழே வைத்தாள். முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு இருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் குந்தினேன். "எழும்பு, பூவெல்லாம் தண்ணியாகுது" என்று தேங்காய்ப்பூவைத் தள்ளி வைத்தேன். என்னைத் தள்ளிவிட்டுச் சிரித்தாள்.

மறுநாள் இரண்டு தாலியும் ஏறின. கலியாணச் சாப்பாட்டில் வெல்டரும் நானும் பக்கத்துப் பக்கத்து இலையில் இருந்தோம். சம்பந்தம் பேசினபிறகு முதல்தரம் சந்திக்கிறோம். மெலிந்த ஆள், கையெல்லாம் நெருப்புப் பொட்டு. எனக்கு அவர் அத்தானும் மச்சானும். அவருக்கு நானும் அப்படியே. இரண்டு நாட்டு மந்திரிகளும் முகாமுக்கு வந்ததை அவர் கண்டிருந்தார்.

"எப்பிடி இருந்தினம்?" என்று மாமா எதிர் இலையில் இருந்து கேட்டார்.

"என்னத்தை அப்பா. மொழிபெயர்க்கிறவர் பிந்திப்போனார். ரெண்டு பேரும் முன்னுக்கு முன்னுக்கு இருந்து அரை மணித்தியாலம் சிரிச்சுக்கொண்டே இருந்தினம். அவர் இவருக்குப் பேரீச்சம்பழம் நீட்டுறார், இவர் அவருக்கு நீட்டுறார். பொம்பிளை பாக்க வந்த ஆக்கள் மாதிரித்தான்."

பிறகு அவர் என்னைப் பார்த்து, குரலைக் குறைக்காமலே சொன்னார்: "மச்சான், உமக்கு ஆறு மாசம் கிடக்காமே. மேற்பார்வையாளர் சொல்லி விட்டவர். நான் நாப்பது நாளில போறன். சேர்ந்தே போவம்."

என் மனைவி, அவள் என் மனைவியாகி மூன்று மணித்தியாலம், பாயாசச் செம்போடு நின்றவள் என்னைப் பார்த்தாள். லோஞ்சில் தினமும் கண்டிருந்தாலும் அன்றுதான் அவளை நேருக்கு நேர் பார்க்கிறேன்.

"இஞ்சாருங்கோ," என்றாள், "அடுத்த லோஞ்சில ஏறிவிடுவீங்கள் எண்டு நான் சொன்னனான்தானே. நாப்பது நாள் தந்ததே பெரிய காரியம்." இலையில் பாயாசத்தை ஊற்றினாள். "இந்தமுறை வயித்துவலி எண்டு ஓடி வரப்படாது. முடிச்சிட்டு வாங்கோ. முடிச்ச வேலை ஒண்டாவது உங்கடை பேரில இருக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கூறைச் சீலையோடு எழுந்து வந்து என் இலைக்கு முன்னால் நின்றாள்.

"எனக்காகவோ ஒத்துக்கொண்டனீ?"

"சீச்சீ. எனக்கு ஒரு இடத்தில இருக்க ஏலாதெண்டு உனக்குத் தெரியும்தானே."

அவள் என்னை நன்றாகப் பார்த்தாள். நான் சோற்றைக் குழைத்துக்கொண்டிருந்தேன். நம்பவில்லை என்று தெரிந்தது. ஆனால் மேற்கொண்டு கேட்கவில்லை. பரிமாறுகிறவரின் கையிலிருந்து அகப்பையை வாங்கி, கலியாணப் பொம்பிளை செய்யக்கூடாது என்று யாரோ சத்தம் போடப் போட, என் இலையில் இன்னும் ஒரு அகப்பைச் சோறு போட்டாள்.